கீச்சுவின் அதிகாரபூர்வ இளமைக்காலம்

கீச்சு பாடத்தான் போனாள். ஆனால் அங்கே யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை.

அந்த இசைக் கம்பெனியின் வரவேற்பறையில் சோபா இருந்தது, மீன்தொட்டி இருந்தது, காகித டம்ளரோடு தண்ணீர் இயந்திரம் இருந்தது. மைக் என்று ஒன்று கண்ணில் படவில்லை. காத்திருந்த பாடகர்கள் ஒருவராவது தொண்டையைக் கனைத்துப் பார்க்க வேண்டுமே. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லி இளைஞன், ஆஸ்பத்திரி வராந்தாவில் விசாரிக்கிற குரலில் கேட்டான்.

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லையே. பாட வந்திருக்கேன்."

"ஒண்ணுமே இல்லையா?" அவன் முகத்தில் இரக்கம் வந்தது. "எனக்கு ரெண்டு மாற்றாந்தாய்."

சொல்லிவிட்டு, வெற்றி வாய்ப்பு இல்லாதவளின் துரதிர்ஷ்டம் தன்மேல் ஒட்டிவிடக்கூடாதே என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவில் 'இளமைக்கால வாழ்க்கைப் பிரிவு' என்று பலகை. ஸ்டூடியோ எங்கே என்று கீச்சு எட்டிப் பார்த்தாள். அது மாடிப்படிக்கு அடியில், துடைப்பக்கட்டைகள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் இருந்தது. இளமைக்கால வாழ்க்கைப் பிரிவுக்குத்தான் ஏசி.

இளமை அதிகாரி மெதுவான குரல்காரர். யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்த மாதிரியே எப்போதும் உட்கார்ந்திருப்பார்.

"இங்க பாரும்மா. குரல் எல்லாருக்கும் இருக்கு. முன்னப் பின்ன இருந்தாலும் மிஷின் சரி பண்ணிடும். இளமையைச் சரி பண்ண இன்னும் மிஷின் வரல. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்து வெச்சிருக்காங்க. ஜனங்க முதல்ல கதையைத்தான் கேட்பாங்க. கண்ணு கலங்கின பிறகு என்ன பாடினாலும் நல்லாத்தான் இருக்கும். சொல்லு, சின்ன வயசுல பசியோட படுத்திருக்கியா?"

கீச்சு யோசித்தாள். "ஒரு தடவை சார்."

அதிகாரி நிமிர்ந்தார்.

"வயிறு சரியில்ல. ராத்திரிக்கு ஒண்ணும் சாப்பிடாதேன்னு அம்மா சொன்னாங்க."

அதிகாரி சாய்ந்தார். "அப்பா அடிப்பாரா?"

"நான்தான் சார் அவரை அடிப்பேன். கேரம்ல தோத்தா."

"வீட்டை விட்டு ஓடிப்போனதுண்டா?"

"உண்டு சார். பெரியம்மா வீட்டுக்கு."

"எவ்வளவு தூரம்?"

"மேல் மாடி."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சரி, பாட்டாவது எங்கே கற்றுக்கொண்டாய் என்று கடமைக்குக் கேட்டார். கீச்சுவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பள்ளி விடுமுறை என்றால் அவர் ஸ்கூட்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாகப் போவாள். அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்குவார்; இவள் வாசலில் உட்கார வேண்டும். 'பாடிக்கிட்டே இரு. பாட்டு நின்னா நீ எட்டிப் பார்க்கிறேன்னு அர்த்தம். நான் வேலையைப் போட்டுட்டு மேல வந்துடுவேன்' என்பது உத்தரவு. ஆகவே பாடினாள். குழி அவள் குரலை வாங்கிக் கழுவித் திருப்பி அனுப்பும். அப்படி ஊரில் உள்ள உயரமான கட்டிடம் எல்லாம் பாடிப் பாடித்தான் குரல் வந்தது.

"அழகா இருக்கு," என்றார் அதிகாரி. "ஆனா இதுல யாருமே சாகலையே."

போகிற போக்கில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடினாள். வெளியே ரெண்டு மாற்றாந்தாய்க்காரன்கூடக் கண்ணைக் கசக்குவதை நிறுத்திவிட்டான். அதிகாரி மூடி வைத்த பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு நல்ல குரல், போயும் போயும் இப்படி ஒரு இளமையில மாட்டிக்கிச்சே."

*

அடுத்த வாரம் அதிகாரியும் கம்பெனித் தலைவரும் வீட்டைப் பார்வையிட வந்தார்கள். அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்தார், பூச்சு உதிரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தவர், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டது போல மூடினார். அம்மா கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். வந்தவர்களின் மூக்குக்கண்ணாடி கோணலாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் வாங்கி நிமிர்த்திக் கொடுத்தாள். அப்பா டீ கொண்டுவந்தார். குள்ளமான மனிதர், பளபளக்கிற வழுக்கை, சட்டைப்பையில் எந்நேரமும் ஸ்க்ரூடிரைவர்.

"உங்க ஆபீஸ் லிஃப்ட் மூணாவது மாடி வந்ததும் ஒரு குலுக்கு குலுக்குது சார், கவனிச்சீங்களா? போன பிறவியில அது கழுதையா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தலைவரும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றார் அதிகாரி. "வீட்டைச் சமாளிச்சுடலாம். அம்மாவையும் கொஞ்சம் கறுப்புக் கண்ணாடி போட்டு நிறுத்திடலாம். உங்களை வெச்சுக்கிட்டு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"பாப்பாவுக்கு எட்டு வயசா இருக்கும்போது நீங்க இறந்துடணும்."

அப்பா சற்று யோசித்தார். "அப்ப ஒன்பது வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது?"

"யாரோ ஒரு நல்ல மனுஷன்."

கீச்சு, "வேண்டாம்ப்பா, நாம வேற கம்பெனி பார்க்கலாம்" என்றாள். அந்த ஒரு வாரத்துக்குள் வேறு கம்பெனிகளையும் அவள் போய்ப் பார்த்திருந்தாள். அங்கெல்லாம் மீன்தொட்டிகூட இல்லை. துயரம் மட்டும் அதேதான் கேட்டார்கள். அது அப்பாவுக்கும் தெரியும்.

"இரும்மா. காகிதத்துல சாகிறது என்ன பெரிய சாவு? உயிரோட இருக்கிறவன்தானே சாக முடியும்," என்றார். பிறகு அதிகாரியிடம், "எப்படி சார் சாகணும்?"

"லிஃப்ட் அறுந்து..."

அப்பா முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். "அது மட்டும் முடியாது சார். என் கைபட்ட லிஃப்ட் ஒரு ஈ எறும்பைக்கூடக் கொன்னதில்ல. தொழில்ல பேர் கெட்டுடும்."

செத்தவனுக்குத் தொழிலில் என்ன பேர் என்று யாரும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அப்பா கப்பலோட்டியாக மாற்றப்பட்டார். கடலில் போனால் உடல் கிடைக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

"எனக்கு நீச்சல் தெரியாதே சார்."

"அதனாலதான் செத்தீங்க," என்றார் தலைவர், டீயை முடித்துக்கொண்டு.

ஒப்பந்தம் எளிமையானது. குரல் கீச்சுவுடையது. இளமைக்காலம் கம்பெனியுடையது.

*

'நீ திரும்பாத கரை' வெளிவந்த மாதத்திலேயே ஊரைத் தூக்கிச் சாப்பிட்டது. அட்டையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கடலைப் பார்த்து நின்றாள். மேலே மேகத்துக்குள் அப்பா. ஆறடி, அடர்ந்த தாடி, புஜத்தில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தார். யாரோ சோப்பு விளம்பரக்காரராம். கீச்சு அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேகத்தில் இருந்தவர் நல்லவராகத்தான் தெரிந்தார்.

பஸ்ஸில், கடையில், பல் டாக்டரின் நாற்காலியில் என்று அவள் குரல் கேட்காத இடம் இல்லை. லிஃப்டுக்குள் மெல்லிசை ஒலிக்கிற கட்டிடங்கள் எல்லாம் அதற்கு மாறின. அப்பாதான் குழிக்குள் இறங்கி நின்று கேட்க வேண்டியிருந்தது.

"இன்னைக்குப் போன இடத்துல எல்லாம் செத்துக்கிட்டே இருக்கேன்ம்மா," என்பார் வீட்டுக்கு வந்ததும். "ஆனா அந்த ரெண்டாவது சரணத்துல ஒரு இழுப்பு இழுக்கிறே பாரு. எனக்கே எம்மேல பரிதாபம் வந்துடுச்சு. ஸ்பேனரைக் கீழே போட்டுட்டேன்."

வீட்டு வாசலில் ரசிகர்கள் கூடத் தொடங்கினார்கள். மெழுகுவத்தியோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கருவிப் பையோடு வழுக்கைத் தலையர் ஒருவர் தினமும் உள்ளே போவதை அவர்கள் கவனித்தார்கள்.

"யார் நீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"இந்தக் கட்டிடத்துல லிஃப்டே இல்லையே."

"அதனாலதான் தினமும் வர வேண்டியிருக்கு," என்றார் அப்பா.

நகைச்சுவை எடுபடவில்லை. கப்பலோட்டியின் விதவையை எவனோ ஏமாற்றுகிறான் என்று பேச்சுக் கிளம்பியது. கம்பெனி பதறிப்போய், ஊரின் மறுகோடியில் ஒரு அறை எடுத்து அப்பாவை அங்கே குடிவைத்தது. "தற்காலிகமாத்தான்," என்றார் அதிகாரி. "ஜனங்க மறக்கிற வரைக்கும்." மறக்காமல் இருக்கத்தான் கம்பெனி வாராவாரம் புதிதாக ஒரு நினைவை வெளியிட்டுக்கொண்டிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பேட்டிப் பயிற்சி நடந்தது. கேள்வி கேட்டதும் ஜன்னலைப் பார்க்க வேண்டும். பதிலில் பாதியை விழுங்க வேண்டும். அம்மா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். மெல்ல மெல்ல அது வாயில் படிந்துவிட்டது. ஒருநாள் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், "அவர் இருந்தப்போ இந்தக் குழாய் ஒழுகவே ஒழுகாது," என்றாள்.

"ஏய், நான் லைன்லதான் இருக்கேன்," என்றார் அப்பா.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். அன்றே கீச்சு முடிவு செய்தாள். அப்பாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டும் வேண்டாம், பேரும் வேண்டாம், ஆள் வந்தால் போதும். அதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

"பாடுறதை நிறுத்தினா அப்பாவுக்கு உயிர் வந்துடுமா பாப்பா?" என்று அவர் பரிவோடு கேட்டார். "ஊருக்கே தெரிஞ்ச சாவு. எந்த அப்பாவாலதான் அதுல இருந்து மீள முடியும்?"

*

பாட்டு வெளிவந்து ஓராண்டு ஆனதும், பெரிய அரங்கம் ஒன்றில் 'கடல் கொண்ட தந்தை' நினைவுக் கூட்டம் நடந்தது. தலைவர் பேசினார். அவருக்குக் கைத்தட்டல் கேட்டால் உண்மை வந்துவிடும்.

"அந்த மாமனிதரை நான் ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். அவரே கதவைத் திறந்தார். அவர் கையாலேயே டீ கொடுத்தார். அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், இவருடைய மறைவு எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கப்போகிறது என்பது எனக்குப் புரிந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பெண்ணுக்கு எதிர்காலமே இருந்திருக்காது. ஒரு தந்தை தன் மகளுக்குச் செய்யக்கூடியதை எல்லாம் அவர் செய்தார். நம் கம்பெனி கேட்டுக்கொண்டவுடனேயே செய்தார்."

அரங்கம் விம்மியது. அடுத்து கீச்சு பாட வேண்டும். மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தின் கடைசியில், லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பது தெரிந்தது. அந்த அரங்கத்து லிஃப்ட் அன்று மதியம் மக்கர் பண்ணியதால் அப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"எங்கப்பா சாகல," என்றாள் கீச்சு. "உயிரோட இருக்கார்."

முன்வரிசையில் ஒரு பெண்மணி நெஞ்சில் கைவைத்து, "இருக்கார்ம்மா, எங்க எல்லார் மனசுலயும் இருக்கார்," என்று தேம்பினாள்.

"மனசுல இல்லைங்க. நிஜமா இருக்கார். கப்பலே ஓட்டினதில்ல. அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது. லிஃப்ட் ரிப்பேர் பண்றார். அதோ, அங்க நிக்கிறார் பாருங்க."

மொத்த அரங்கமும் திரும்பிப் பார்த்தது. குள்ளமாக, வழுக்கையாக, கையில் கிரீஸோடு ஒரு ஆள். அப்பா சங்கடமாகச் சிரித்து ஸ்க்ரூடிரைவரை லேசாக ஆட்டினார். அரங்கம் திரும்பவும் கீச்சுவைப் பார்த்தது. பிறகுதான் நிஜமான அழுகை தொடங்கியது.

"ஐயோ பாவம். பார்க்கிறவங்க எல்லாம் அப்பாவாத் தெரியுறாங்களே இந்தப் பொண்ணுக்கு."

*

மறுநாள் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போய்விடும் என்று கீச்சு சந்தோஷமாகப் போனாள். தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"பிரமாதம்மா. நாங்க யோசிக்காததை நீ யோசிச்சுட்டே. ஜனங்க அழுது அழுது களைச்சுட்டாங்க. இனிமே அப்பாவும் பொண்ணும் சேர்றதைப் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க. அப்பா திரும்பி வரட்டும்."

கீச்சு போனைக் கையில் எடுத்தாள். "நிஜமாவா சார்?"

"கடல்ல இருந்து மீண்டு வர்றார். அடுத்த ஆல்பமே அதுதான்."

அவள் அங்கிருந்தே போன் செய்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், வாழ்க்கையில் முதல்முறையாகப் பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கம்பெனிக்கு வந்தார். வரவேற்பறையில் மீன்தொட்டியைச் சுற்றி ஆறடி உயரத்தில் தாடிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே போறீங்க? வரிசையில வாங்க," என்றார் அதிகாரி.

"சார், நான் அப்பா."

"எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

கீச்சு குறுக்கே வந்தாள். "சார், இவர் வீட்டுல நீங்க டீ குடிச்சிருக்கீங்க."

"குடிச்சிருக்கேன். நல்ல டீ. ஆனா விளம்பரம் கொடுத்துத் தேர்வு வெச்ச பிறகு, சொந்த அப்பான்னு சலுகை காட்டினா அதுக்குப் பேர் ஊழல் பாப்பா. இது நேர்மையான கம்பெனி."

தேர்வுக் குழுவில் தலைவர், அதிகாரி, கடல் விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் ஓய்வுபெற்ற ஒரு மாலுமி, அப்புறம் கீச்சு. ரத்த சம்பந்தம் இருப்பதால் கீச்சுவுக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது.

முந்தைய தாடிக்காரர்கள் கடலைக் கண்முன்னே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா உள்ளே வந்தார்.

"கப்பல் கவிழ்ந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றார் மாலுமி.

"ஞாபகம் இல்ல சார். நான் வீட்டுலதான் இருந்திருப்பேன்."

மாலுமி தலையை ஆட்டினார்.

"உங்க பொண்ணு எட்டு வயசுல என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்றார் அதிகாரி.

"லிஃப்ட் வாசல்ல உட்கார்ந்து பாடிக்கிட்டிருந்தா."

"தப்பு. கரையில நின்னு கப்பலைத் தேடிக்கிட்டிருந்தா. சின்னக் குழந்தைகூடச் சொல்லும். சரி, கடைசி வாய்ப்பு. இத்தனை வருஷம் கழிச்சு, இதோ, உங்க பொண்ணைப் பார்க்கிறீங்க."

அப்பா கீச்சுவைப் பார்த்தார். பார்த்ததும் எப்போதும் போல முகம் முழுக்கச் சிரித்தார். கீச்சுவும் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

மாலுமி மறுபடி தலையை ஆட்டினார்.

"பொண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்," என்றார் தலைவர், அதிகாரியின் காதில். "இது இயல்பாவே இல்லையே."

கீச்சு எழுந்தாள். "சார், இவர்தான் எங்கப்பா. வேற யாரு வந்தாலும் நான் பாட மாட்டேன்."

"பாடலைன்னா பரவாயில்ல பாப்பா, உன் குரல்தான் எங்ககிட்ட பதிவா இருக்கே, மிஷின் பாடிடும்," என்றார் அதிகாரி, கொஞ்சமும் கோபமில்லாமல். "ஆனா நீ போயிட்டா இவருக்கு இங்க வரக் காரணமே இருக்காது, வீட்டுக்கோ ஜனங்க இவரை விட மாட்டாங்க. யோசிச்சுப் பாரு. இவரையும் நாங்க வெறுங்கையோட அனுப்பல. மாற்று அப்பாவா போட்டுக்கிறோம். தேர்வானவருக்கு உடம்பு சரியில்லைன்னா இவர் மேடை ஏறலாம்."

கீச்சு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "பக்கத்துலயாவது இருப்பேனே," என்றார்.

*

தேர்வானவர் நாடக நடிகர். கெட்டவர் என்றால் வெறுத்துத் தொலைத்துவிடலாம். அவரோ தங்கமான மனிதர். கீச்சுவின் வீட்டுக்கு வந்தபோது கழற்றிய செருப்பை ஒழுங்காக வைத்தார். குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அம்மா பேட்டியில், "கடல்ல இருந்து வந்ததுக்கப்புறம் கொஞ்சம் உயரமாயிட்டார்," என்றாள். யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

ஊர் ஊராக நிகழ்ச்சி. கடைசிப் பாட்டில் பனிப்புகை கிளம்பும். நடுவில் நடிகர் தோன்றிக் கைகளை விரிப்பார். கீச்சு ஓடிப்போய், "அப்பா" என்று கட்டிக்கொள்ள வேண்டும். மாற்று அப்பா எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மேடையோரத் திரைக்குப் பின்னால், ஒட்டுத்தாடியும் உயரமான பூட்ஸுமாக, புஜத்தில் வரைந்த நங்கூரத்தோடு அப்பா நிற்பார். உணர்ச்சி கலைந்துவிடும் என்பதால் பாடகியோடு அவர் பேசக்கூடாது. நடிகரோடு பேசலாம். பேசுவார்.

"உடம்பு எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு அண்ணே."

"தலைவலி, கிலைவலி?"

"ஒண்ணுமில்லண்ணே. கூடப் பொறந்தவன்கூட என்னை இப்படி விசாரிச்சதில்ல," என்று நடிகர் நெகிழ்ந்துபோவார்.

கீச்சு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். கட்டிக்கொள்ளும்போது நடிகரின் இடது தோளில் முகம் வைத்தால் திரையோரம் தெரியும். அங்கே தாடிக்குள் அப்பா சிரிப்பது தெரியும். அந்தத் தோளளவுக்குத்தான் அவளுக்கு அப்பா கிடைத்தார். ரசிகர்கள் அதை நீண்ட தழுவல் என்று கொண்டாடினார்கள்.

ஒரு நிகழ்ச்சியில் கடைசிப் பாட்டுக்குச் சற்று முன்னால் நடிகர் இருமினார். சும்மா இருமல் இல்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அதிகாரி ஓடினார். திரையோரம் அப்பா பூட்ஸை இறுக்கிக்கொண்டார், தாடியை அழுத்திக்கொண்டார், இரண்டு கைகளையும் விரித்து ஒருமுறை ஒத்திகை பார்த்தார். பாடிக்கொண்டிருந்த கீச்சு அதைப் பார்த்தாள். சரணம் முடிந்தும் முடிக்காமல் மறுபடி எடுத்தாள். வாத்தியக்காரர்கள் திகைத்துப் பின்தொடர்ந்தார்கள். இன்னொரு முறை எடுத்தாள். மூச்சு இருக்கும்வரை இழுத்தாள். பனிப்புகை கிளம்பிவிட்டது. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார்.

அதிகாரி காகித டம்ளரில் கொஞ்சம் வெந்நீர் கொடுத்தார். நடிகர் குடித்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். சரியாகிவிட்டது.

அப்பா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது; நடிகர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் புகைக்குள் போய் நின்று கைகளை விரித்தார்.

அரங்கம் எழுந்து நின்றது. கீச்சு ஓடினாள்.